ஜன்னலோரம் நிற்பவர்: ஹென்றி ஃபோண்டா பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய அமெரிக்க நடிகர்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, போன வாரம் இரண்டு படங்களை அடுத்தடுத்த நாளில் பார்த்தேன். முதலில் மார்லன் பிராண்டோ நடித்த 'ஆன் த வாட்டர்ஃபிரண்ட்', மறுநாள் ஹென்றி ஃபோண்டாவின் '12 ஆங்ரி மென்'. பிராண்டோவைப் பார்த்த இரவு தூக்கமே வரவில்லை. ஃபோண்டா விஷயத்தில் ஏமாற்றம்தான். நிற்கிறார், நடக்கிறார், நிதானமாகப் பேசுகிறார். முகத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. அதே படத்தில் லீ ஜே. காப் கடைசியில் உடைந்து அழுகிறாரே, அதைத்தான் நடிப்பு என்று சொல்லத் தோன்றுகிறது. ஃபோண்டா வெறுமனே நல்ல மனிதராக வந்துவிட்டுப் போகிறார். இவரை ஏன் இவ்வளவு பெரிய நடிகர் என்கிறார்கள்? நான்தான் எதையாவது கவனிக்காமல் விட்டுவிட்டேனா?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே,

கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு பையன் குற்றவாளியா இல்லையா என்று முடிவு செய்ய, '12 ஆங்ரி மென்' படத்தின் பன்னிரண்டு ஜூரிகள் அந்த அறைக்குள் வரும் இடத்தை மட்டும் இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். தாங்க முடியாத புழுக்கம். ஒருவர் மின்விசிறியைப் போட்டுப் பார்க்கிறார், ஓடவில்லை. இன்னொருவர் ஜன்னலைத் திறக்கப் போராடுகிறார். ஆளாளுக்கு ஏதோ பேசுகிறார்கள். ஒருவர் மட்டும் ஜன்னலோரம் போய் வெளியே பார்த்தபடி நிற்கிறார். மற்றவர்கள் உட்கார்ந்த பிறகும் அவர் அங்கேயேதான் இருக்கிறார். ஜன்னல் பக்கம் நிற்பவரே என்று தலைவர் கூப்பிட வேண்டியிருக்கிறது. அதன் பிறகுதான் ஃபோண்டா திரும்புகிறார். ஒரு பையனின் உயிர் அவருடைய மண்டைக்குள் ஓடிக்கொண்டிருப்பது அந்த முதுகிலேயே தெரிகிறது.

அந்த ஜன்னலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னொரு ஜன்னல் நினைவுக்கு வரும். நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில் ஃபோண்டாவின் அப்பா அச்சகம் வைத்திருந்தார். 1919 செப்டம்பர் 28 அன்று அந்த ஊர் நீதிமன்றத்தைப் பெருங்கூட்டம் ஒன்று சூழ்ந்துகொண்டது. உள்ளே காவலில் இருந்தவர் வில் பிரௌன் என்ற கறுப்பினத் தொழிலாளி. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியைத் தாக்கினார் என்று அவர்மேல் குற்றச்சாட்டு. விசாரணை எதுவும் நடந்திருக்கவில்லை. கூட்டம் நீதிமன்றத்துக்குத் தீ வைத்தது, அவரை வெளியே இழுத்துத் தூக்கிலிட்டது, சுட்டது, உடலையும் எரித்தது. அன்றிரவு அப்பா பதினான்கு வயது மகனை அச்சகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் மாடி ஜன்னலருகே நிறுத்தி இதைப் பார்க்க வைத்தார். ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை. எல்லாம் முடிந்ததும் கதவைப் பூட்டிக்கொண்டு பேசாமல் வீட்டுக்குத் திரும்பினார்கள். ஃபோண்டா இதைப் பல வருடம் கழித்துத் தானே சொல்லியிருக்கிறார்.

'12 ஆங்ரி மென்' இயக்குநர் சிட்னி லூமெட் இதை மனதில் வைத்துத்தான் அந்தக் காட்சியை எடுத்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படத்தை எடுக்கவேண்டும் என்று முன்னால் நின்றவர் ஃபோண்டா. கதையை எழுதிய ரெஜினால்ட் ரோஸோடு சேர்ந்து அவரே தயாரித்தார். அதற்கு முன்னால் திரைப்படம் எதுவும் இயக்கியிராத லூமெட்டிடம் அதை ஒப்படைத்தார். 1957இல் வந்தபோது வசூல் பெரிதாக இல்லை. அப்புறம் அவர் படத்தயாரிப்புப் பக்கமே போகவில்லை.

அதற்குப் பதினான்கு வருடம் முன்பே அதே விஷயத்தை அவர் தொட்டுவிட்டார். 'தி ஆக்ஸ்-போ இன்சிடென்ட்' (1943), வில்லியம் வெல்மன் இயக்கியது. ஒரு கும்பல் மூன்று பேரைத் திருடர்கள், கொலைகாரர்கள் என்று நம்பித் தூக்கில் போடுகிறது. பிறகுதான் அவர்கள் குற்றமற்றவர்கள் என்று தெரிகிறது. செத்தவர்களில் ஒருவன் மனைவிக்கு எழுதிய கடிதத்தைச் சாராயக் கடையில் ஃபோண்டா வாசிக்கிறார். அந்த இடத்தில் பக்கத்தில் நிற்பவரின் தொப்பி விளிம்பு ஃபோண்டாவின் கண்களை நமக்கு மறைத்துவிடுகிறது. ஒரு நடிகனின் முக்கியமான ஆயுதத்தைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி. வாயும் குரலும்தான் மிச்சம். குரல் உயரவில்லை, நடுங்கவும் இல்லை, ஒரு மனிதன் கடிதம் வாசிப்பது போலவே வாசிக்கிறார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அங்கே தொண்டை அடைக்கிறது.

சரி, பிராண்டோவுக்கு வருகிறேன். நீங்கள் இருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது. ஃபோண்டாவை முதன்முதலில் மேடையேற்றியதே பிராண்டோவின் அம்மாதான். 1925இல் ஒமாஹாவின் நாடகக் குழுவுக்கு ஓர் இளைஞன் தேவைப்பட்டபோது, டோரதி பிராண்டோ தெரிந்தவர் வீட்டுப் பையனைக் கூப்பிட்டார். ஃபோண்டாவுக்கு அப்போது இருபது வயது, கூச்ச சுபாவம். மார்லன் கைக்குழந்தை. வேறொருவன் எழுதிய வசனத்துக்குப் பின்னால் தன் கூச்சத்தை ஒளித்துக்கொள்ளலாம் என்று ஃபோண்டாவுக்கு அங்கேதான் பிடிபட்டது. 1928இல் மாசசூசெட்ஸ் கடற்கரையில் கோடைக்கால நாடகக் குழுவொன்றில் சேர்ந்தார். அவர் அங்கிருந்து விலகிய பிறகு, பிற்பாடு பெரிய நடிகரான ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும் அதே குழுவுக்கு வந்தார். இருவரும் சீக்கிரமே நண்பர்களானார்கள். அந்த நட்பு சாகும்வரை நீடித்தது.

முகத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்கிறீர்கள். அது அவர் பாடுபட்டுக் கற்றுக்கொண்டது. நியூயார்க்கின் பிராட்வே மேடையில் தான் நடித்த ஒரு பாத்திரத்தையே 1935இல் முதல் படமாகச் செய்தபோது, கடைசி வரிசைக்கும் தெரியவேண்டும் என்ற மேடைப் பழக்கத்தில் பெரிதாக நடித்தார். முகபாவம் கூடுகிறது என்று இயக்குநர் விக்டர் ஃபிளெமிங் ஒரு வார்த்தை சொன்னார். அது அவரை உலுக்கிவிட்டது. கேமராவுக்கு எவ்வளவு குறைத்தால் போதும் என்று தேடத் தொடங்கியவர் கடைசிவரை அதை விடவில்லை.

ஒரு முறை வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு '12 ஆங்ரி மென்' படத்தைச் சத்தமே இல்லாமல் ஓடவிட்டுப் பார்த்தேன். பேசாத நேரத்திலும் ஃபோண்டா வேலை செய்துகொண்டே இருப்பது அப்போது தெரிந்தது. யார் பேசினாலும் முழுதாகக் கேட்கிறார். அவர் அப்படிக் கேட்பதால்தான், பையன் குற்றவாளி என்று கடைசிவரை சாதிக்கும் காப் அவ்வளவு கத்த முடிகிறது. கடைசியில் மற்றவர்கள் போனதும் காப் நொறுங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறாரல்லவா? ஃபோண்டா அவருடைய கோட்டை எடுத்துவந்து மாட்டிவிடுகிறார். ஒரு வார்த்தை கிடையாது. தோற்றவனுக்குக் கோட்டு மாட்டிவிடும் அந்தக் கையை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். தவறு சொல்லவில்லை, முதல் தடவை நானும் காப்பைத்தான் பார்த்தேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'த கிரேப்ஸ் ஆஃப் ராத்' (1940) படத்தின் டாம் ஜோட் வேடத்துக்காக, பிடிக்காத ஏழு வருட ஸ்டூடியோ ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். போர்க்காலத்தில் கடற்படையில் சேர்ந்தார். திரும்பிவந்து 1948இல் பிராட்வேயில் 'மிஸ்டர் ராபர்ட்ஸ்' நாடகத்தில் கடற்படை அதிகாரியாக நின்றபோது நாடகத்துக்கான டோனி விருது கிடைத்தது. நாடகம் அங்கே 1,157 காட்சிகள் ஓடியது.

அந்த நாடகம் ஓடிக்கொண்டிருந்தபோதுதான், 1950 ஏப்ரலில், அவர் மனைவி ஃபிரான்சஸ் தற்கொலை செய்துகொண்டார். அன்றிரவும் ஃபோண்டா மேடையேறினார். இதை மனவலிமை என்று புகழ எனக்கு மனம் வரவில்லை. அந்த மனிதருக்குப் போக வேறு இடம் தெரியவில்லை என்றே நினைக்கிறேன். பிள்ளைகளிடம் அம்மா மாரடைப்பால் இறந்ததாகச் சொல்லப்பட்டது. மகள் ஜேன் உண்மையை ஒரு சினிமாப் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்டார். திரையில் நம்மை ஈர்க்கும் அந்த மௌனம் வீட்டில் பிள்ளைகளுக்குச் சுவராக இருந்திருக்கிறது.

1968இல் இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனி இந்த நல்ல மனிதர் முகத்தையே எடுத்துப் பயன்படுத்தினார். 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் த வெஸ்ட்' படத்துக்குக் கண்ணில் பழுப்பு லென்சும் மீசையுமாக ஃபோண்டா போய் இறங்க, லியோனி எல்லாவற்றையும் கழற்றச் சொல்லிவிட்டார். அவருக்கு வேண்டியது அந்த நீலக்கண்கள். ஒரு குடும்பத்தைச் சுட்டுக்கொன்ற கூட்டத்தின் தலைவனைக் கேமரா பின்னாலிருந்து சுற்றிவந்து காட்டுகிறது, பார்த்தால் ஃபோண்டா. எதிரே ஒரு சிறுவன். லேசாகப் புன்னகைக்கிறார், சுடுகிறார். இங்கும் முகத்தில் அதிகம் எதுவும் நடப்பதில்லை. ஆனால் எனக்கு உடம்பு சில்லிட்டுப்போனது.

அடுத்து 'ஆன் கோல்டன் பாண்ட்' (1981) பாருங்கள். அப்பாவுக்காகவே ஜேன் உரிமை வாங்கிய கதை அது. ஒத்துப்போகாத அப்பாவும் மகளுமாக இருவரும் நடித்தார்கள். மகள் வந்து, உங்களோடு நட்பாக இருக்க விரும்புகிறேன் என்று சொல்லும் காட்சியில், ஒத்திகையில் செய்யாத ஒன்றை ஜேன் அவருடைய குளோசப்புக்காக வைத்திருந்தார். பேசும்போது அவர் கையைத் தொட்டார். ஃபோண்டாவின் கண்கள் கலங்கின, சட்டென்று முகத்தைத் திருப்பி மறைத்துக்கொண்டார். அந்தப் படத்துக்கு 1982 மார்ச்சில் ஆஸ்கர் கிடைத்தபோது அவர் நோயில் வீட்டில் இருந்தார், ஜேன்தான் போய் வாங்கிவந்தார். அந்த ஆகஸ்டிலேயே ஃபோண்டா 77 வயதில் காலமானார். அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

அன்புடன்.