கொரோனா பிடிக்காத குஞ்சு என்று ஒன்று இல்லை

கேள்வி: வத்தளையில் வீட்டோடு 24 முட்டைக்கோழிகள் வளர்க்கிறேன். ஒரு வாரமாகத் தும்மல், முட்டையும் குறைவு, ஓடு சுருக்கம் விழுந்து வருகிறது. 'கோழிக் கொரோனா' என்கிறார் குஞ்சு கொண்டுவரும் தரகர். இவற்றைக் கழித்துவிட்டு, கொரோனா பிடிக்காத ஜீன் உள்ள ஊர்க்குஞ்சுகளை இரட்டை விலைக்கு எடுக்கச் சொல்கிறார். வாங்கலாமா? பிள்ளைகளுக்குத் தொற்றுமா?

பதில்: தொற்றாது. வாங்கவும் வேண்டாம்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் ஐ.பி. எனப்படும் கோழிச் சளிநோய்க்குப் பொருந்துகின்றன. அதை உண்டாக்குவது கொரோனா வைரஸ்தான், 1930களிலேயே அமெரிக்காவில் கண்ட நோய். ஆனால் அது கோழியோடு நிற்கும். 2020இல் நம்மை வீட்டுக்குள் அடைத்த வைரஸை ஆய்வுகூடத்தில் கோழிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், பிடிக்கவில்லை.

ஜீன் கதை முழுப்பொய் இல்லை, அதுதான் தொல்லை. ஒரே வைரஸைக் கொடுத்தாலும் ஒரு வம்சத்துக் கோழிகள் கூடுதலாகச் சாகின்றன, இன்னொன்று தும்மிவிட்டு எழும்பிவிடுகிறது. தும்மிய கோழிக்கும் தொற்றியதுதான், பக்கத்துக் கோழிக்கும் அது பரப்பும். தரகரின் கூடையில் இருப்பது எந்த வம்சமென்று பரிசோதித்தது யார்?

உண்மையாகவே பிடிக்காத மிருகம் ஒன்று உண்டு: ஆய்வுகூடப் பன்றி. அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழகத்தார் ஒரு ஜீனைச் செயலிழக்கச் செய்த பன்றிகளை வளர்த்து, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். வைரஸ் ஒட்டிக்கொள்ளும் புரதம் குடலில் இல்லாததால், குட்டிகளை வயிற்றோட்டத்தில் கொல்லும் டி.ஜி.இ. கொரோனா அவற்றைத் தொடவில்லை. அதே பன்றிகளுக்கு பி.இ.டி. என்ற இன்னொரு கொரோனாவைக் கொடுத்தபோது பிடித்துக்கொண்டது. மாற்றியது ஒரு பூட்டை, மற்ற வைரஸின் கையில் வேறு திறப்பு. கோழி ஐ.பி.யிலோ வகைகள் ஏராளம்.

இதைவிட மோசமான ஏமாற்று, 'முட்டையிடப் போகிறது' என்று மலிவாகத் தள்ளும் வளர்ந்த பெட்டைகள். குஞ்சுப் பருவத்தில் ஐ.பி. வந்தால் சிலவற்றின் முட்டைக்குழாய் கெட்டுவிடும். கொண்டை சிவக்கும், கூட்டில் போய் உட்காரும், முட்டை மட்டும் வராது. தடுப்பூசி போட்ட நாளை எழுத்தில் தராதவரிடம் ஒன்றும் எடுக்காதீர்கள்.

அடுத்த குஞ்சுகளுக்குத் தடுப்பு மருந்து கொடுங்கள். அதை 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைக்கவேண்டும். தரகர் சட்டைப்பையில் கொண்டுவருவது சூட்டில் கெட்டு வெறும் தண்ணீருக்குச் சமம். கொழும்பு பைப் தண்ணீரில் அப்படியே கலந்தால் குளோரின் மருந்தைக் கொன்றுவிடும். முதலில் லீற்றருக்கு 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்மா கரைத்துவிடுங்கள். குப்பி பெரும்பாலும் 1000 கோழிக்கான அளவில் வருகிறது. 24 கோழிக்காரரை நினைத்து யாரும் மருந்து அடைப்பதில்லை, எத்தனை முறை சொன்னாலும் கேட்பாரில்லை. அக்கம்பக்கத்தில் சேர்ந்து வாங்குங்கள்.

இருக்கும் கோழிகளைக் கழிக்காதீர்கள். வைரஸுக்கு அன்டிபயோட்டிக் வேலை செய்யாது. குளிர்காற்றுப் படாமல் வைத்து, புதுக்கோழி சேர்க்காமல் இருந்தால் சில வாரங்களில் முட்டை கூடும், பழைய அளவுக்கு வராமலும் போகலாம். கழுத்து முறுக்கினாலோ, பச்சை எச்சம் போட்டு மளமளவென்று செத்தாலோ அது ராணிக்கெட் என்ற வேறொரு கோழிநோயாக இருக்கலாம். அன்றே அரச மிருக வைத்தியரிடம் சொல்லுங்கள், தரகரிடம் அல்ல.