பழைய கியூவா, புதிய கியூவா: பெயரை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: சில வருடங்களாகப் பூல் ஆடுகிறேன். ஹாலில் கிடக்கும் பொதுக் கியூவை, அதாவது மேசையில் பந்தை அடிக்கும் கோலை, விட்டுவிட்டுச் சொந்தமாக ஒன்று வாங்க ஆசை. 1980களில் அமெரிக்காவில் செய்த மெக்டெர்மாட் கம்பெனியின் கியூ ஒன்று ஒருவரிடம் விலைக்கு வருகிறது. ஏறக்குறைய அதே விலைக்குப் புதுக் கியூவும் கிடைக்கும். "பழசுதான் உண்மையான வேலை, இப்போது வருவதெல்லாம் சீனாவில் செய்து பெயர் ஒட்டியது" என்கிறார் விற்பவர். கூட ஆடும் நண்பரோ, "பழைய மரக் கியூ எல்லாம் வளைந்துவிடும், கார்பன் ஷாஃப்ட் (கியூவின் முன்பாதி) வாங்கு" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: சுருக்கமாகச் சொன்னால், அந்தப் பழைய கியூவின் பட், அதாவது கையால் பிடிக்கும் பின்பாதி, நேராக இருந்து, விலையும் புதியதைவிடக் குறைந்தால் வாங்கலாம். அதோடு வரும் ஷாஃப்டுக்காக விலையைக் கூட்டித் தராதீர்கள். பட் வளைந்திருந்தால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். கியூவில் இருக்கும் பெயரைப் பார்ப்பது இதற்கெல்லாம் அப்புறம்தான்.

அந்தக் காலத்தில் கைவேலை, இந்தக் காலத்தில் தொழிற்சாலை என்று விற்பவர் ஒரு கோடு போடுகிறார். அந்தக் கோடு எப்போதுமே தெளிவாக இருந்ததில்லை. கியூ உலகின் மிகப் பெரிய பெயரையே எடுத்துக்கொள்வோம். ரஷ்யாவில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்த ஜார்ஜ் பலபுஷ்கா 1959இல் கியூ செய்யத் தொடங்கினார், 1975இல் காலமானார். பிரன்ஸ்விக் கம்பெனி பூல் ஹால்களுக்காகத் தொழிற்சாலையில் செய்து தள்ளிய டைட்லிஸ்ட் என்ற ஒற்றைத் துண்டுக் கியூக்களை வாங்கி, அவற்றைத்தான் ஆரம்பத்தில் தன் கியூக்களுக்கு மூலக்கட்டையாக வைத்துக்கொண்டார். பின்னாளில் பர்ட்டன் ஸ்பெயின், கஸ் ஜாம்போட்டி ஆகியோர் ஒட்டிக் கொடுத்த கட்டைகளை எடுத்துக் கடைந்தார். இதனால் அவர் மதிப்பு ஒன்றும் குறையவில்லை. கடைசல், ஜாயின்ட் (பட்டும் ஷாஃப்டும் பூட்டும் இடம்), எடைச் சமன், ஷாஃப்டுக்கான மரத்தைப் பொறுக்குவது என்று அவர் கை பட்ட இடங்களில்தான் அவர் பெயர் நின்றது. ஆனால் "இந்தக் கியூவை யார் செய்தார்?" என்ற கேள்விக்கு அன்றைக்கே ஒற்றை விடை கிடையாது.

இன்னொரு வேடிக்கை. 1986இல் வந்த 'தி கலர் ஆஃப் மணி' படத்தில் பலபுஷ்கா என்று பயபக்தியோடு கைமாறும் கியூ உண்மையில் பலபுஷ்காவே இல்லை. அது ஜாஸ் கம்பெனியின் கேட்டலாக் கியூ. மாடல் எண்ணைச் சொல்லி யார் வேண்டுமானாலும் வாங்கியிருக்கக்கூடிய ஒன்று. திரையில் பார்த்த யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. என்னைக் கேட்டால் புரொடக்‌ஷன் கியூவுக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடைத்திருக்காது.

புரொடக்‌ஷன் கியூ என்றால் மாடல் எண் போட்டு, கேட்டலாக் அடித்து, ஒரே மாதிரி பலவற்றைச் செய்து விற்பது. ஒருவர் ஆர்டருக்காக ஒன்று ஒன்றாகச் செய்வது கஸ்டம். நல்ல பெயர் வாங்கிய அமெரிக்க புரொடக்‌ஷன் கம்பெனிகள் பெரும்பாலும் ஒரு தனி மனிதரின் பட்டறையாகத்தான் தொடங்கின. டான் ஜேன்ஸும் பில் ஸ்ட்ரவுடும் 1968இல் மேரிலாந்தில் தொடங்கியது ஜாஸ். விஸ்கான்சினில் கார்டன் ஹார்ட் 1965இல் வைக்கிங்கையும், ஜிம் மெக்டெர்மாட் 1975இல் தன் பெயரிலேயே ஒரு கம்பெனியையும் ஆரம்பித்தார்கள். அதே மாநிலத்தில் பிறகு ஷோன் வந்தது. மிசிசிப்பியில் பாப் மியூச்சி. இவர்கள் ஒவ்வொருவரின் கியூவுக்கும் அடிக்கும்போது தெரியும் ஒரு குணம் இருந்தது. ஜாஸும் ஷோனும் துருப்பிடிக்காத எஃகு ஜாயின்ட் வைத்து, அடித்தால் கெட்டியாக, சுருக்கென்று கைக்குத் தெரியும் கியூக்கள். மியூச்சி நேர் எதிர். பிளாஸ்டிக் ஜாயின்ட், நீண்டு மெலிந்து போகும் ஷாஃப்ட், மெத்தென்ற அடி. 1980களில் அதற்காகவே அதை விரும்பிய தொழில்முறை ஆட்டக்காரர்கள் நிறைய. மியூச்சி வளையும் என்ற பேச்சு இந்த மெலிந்த ஷாஃப்டைச் சுற்றியே வந்தது. மரம் ஒன்றாகவே இருந்தாலும் ஒல்லியாகக் கடைந்த துண்டு சீக்கிரம் வளைந்து கொடுக்கும். அதைக் கம்பெனியின் அலட்சியம் என்று மட்டும் பார்ப்பது நியாயமில்லை. மெத்தென்ற அடி வேண்டுமென்று கேட்டவர்கள் அதற்குக் கொடுத்த விலை அது.

வெளிநாட்டில் செய்தது மட்டம் என்பதும் பழைய காலத்துக்கே பொருந்தாது. அமெரிக்கரான ரிச்சர்ட் ஹெல்ம்ஸ்டெட்டர் ஜப்பானில் ஆடம் கியூக்களைச் செய்து வந்தார். துல்லியத்துக்குப் பேர்போன கியூக்கள் அவை. பலபுஷ்காவின் பெயரை உரிமம் பெற்றுப் போட்ட கியூக்களும் அங்கிருந்தே வந்தன. இந்த ஹெல்ம்ஸ்டெட்டர்தான் பின்னாளில் கால்வே கம்பெனிக்காக 1991இல் வந்த பிக் பெர்த்தா கோல்ஃப் மட்டையை வடிவமைத்தவர். இன்று ஆட்டக்காரர்கள் பணத்தைக் கொட்டி வாங்கும் மெஸ் கியூக்களும் ஜப்பானின் மிக்கி கம்பெனி செய்பவையே.

சரி, சீனா விஷயம். விற்பவர் சொல்வது முழுப் பொய் இல்லை. தைவானிலும் சீனாவிலும் பெரிய தொழிற்சாலைகள் வந்தபின், விலை குறைந்த கியூக்களில் பெரும்பகுதி அங்கேதான் தயாராகிறது. ஒரே கம்பெனி மேல் வரிசையை உள்ளூரில் செய்துகொண்டு, கீழ் வரிசையை இறக்குமதி செய்வதும் சகஜம். மெக்டெர்மாட்டிலேயே லக்கி, ஸ்டார் என்ற வரிசைகள் இறக்குமதி. மேல் வரிசை விஸ்கான்சினில் தயாராவது. ஆகவே பிராண்டைச் சொன்னால் பாதி விவரம்தான் வருகிறது, வரிசையையும் ஆண்டையும் சேர்த்துக் கேளுங்கள். அமெரிக்கச் சட்டப்படி இறக்குமதிப் பொருளில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும். "அமெரிக்காவில் செய்தது" என்று நிபந்தனை இல்லாமல் போட வேண்டுமானால், ஏறக்குறைய முழுப் பொருளும் அங்கே செய்ததாக இருக்க வேண்டும். "அமெரிக்காவில் வடிவமைத்தது", "அமெரிக்காவில் பொருத்தியது" என்று எழுதியிருந்தால் அது வேறு கதை.

மலிவான கியூவில் காசு எங்கே மிச்சமாகிறது என்று தெரிந்துகொண்டால் பயம் போய்விடும். நேராகக் கடைவது இன்று யாருக்கும் பெரிய சவால் இல்லை, கணினி கட்டுப்படுத்தும் இயந்திரம் அதைப் பார்த்துக்கொள்கிறது. கஷ்டம், கடைந்த பின்னும் அது நேராகவே இருப்பதில். மேப்பிள் கட்டையை ஒரேயடியாகக் கடைந்து முடித்தால் உள்ளே அடங்கிக் கிடந்த இழுவிசை விடுபட்டு மரம் திரும்பிவிடும். அதனால் நல்ல பட்டறைகள் கொஞ்சம் கடைவார்கள், தொங்கவிட்டுக் காயவைப்பார்கள், மறுபடி கொஞ்சம் கடைவார்கள். இப்படி மாதக்கணக்கில் போகும். அவசரத் தொழிற்சாலை சுருக்குவது இந்தக் காத்திருப்பைத்தான். புதிய மலிவுக் கியூ வாங்கிய அன்று கச்சிதமாக நேராக இருப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஒரு வருடம் கழித்தும் அப்படியே இருக்குமா என்றுதான் கேட்க வேண்டும். உங்களுக்கு வரும் பழைய கியூவின் பெரிய பலம் இங்கே இருக்கிறது: 1980களில் செய்த பட் இன்றும் நேராக இருந்தால், அந்த மரம் இனி சுலபத்தில் திரும்பாது. எந்த உத்தரவாதச் சீட்டையும்விட இதை நான் நம்புவேன்.

வேலைப்பாடும் மாறியிருக்கிறது. பட்டில் ஈட்டி முனைபோல ஏறும் வடிவங்களைப் பாருங்கள். வெவ்வேறு மரங்களை வெட்டி, கோத்து ஒட்டியதென்றால் முனை ஊசியாக முடியும். இயந்திரத்தால் குடைந்து பதித்திருந்தால், சுழலும் வெட்டுமுனை உருண்டை என்பதால் முனை சற்று வட்டமாக இருக்கும். வெறும் அச்சுப் படத்தை ஒட்டி மேலே வார்னிஷ் பூசியிருந்தால் உற்றுப் பார்க்கும்போது மரத்தின் ரேகை அதற்குள் ஓடாது. அடிக்கும் அடியில் இந்த மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. விலையில் உண்டு. விற்பவர் கோத்து ஒட்டியதற்கான விலையைக் கேட்டால் முனையைப் பாருங்கள், போதும்.

உங்கள் நண்பர் சொன்ன ஷாஃப்டுக்கு வருவோம். உண்மையான புரட்சி இங்கேதான் நடந்தது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வெள்ளைப் பந்தை நடுவில் அடிக்காமல் இடமோ வலமோ தள்ளி அடித்தால், அது நீங்கள் குறிவைத்த கோட்டில் போகாது. அடித்த பக்கத்துக்கு எதிராகச் சற்று விலகிப் போகும். இதை டிஃப்ளெக்‌ஷன் என்கிறார்கள். ஷாஃப்ட் வளைந்து கொடுக்கிறதா, விறைப்பாக இருக்கிறதா என்பதுதான் இதற்குக் காரணம் என்று ரொம்ப நாள் நம்பினார்கள். உண்மையான காரணம் டிப்பை, அதாவது பந்தில் படும் நுனியை, ஒட்டிய முதல் சில அங்குலங்களின் எடை. டிப் பட்டுப் பந்து சுழலத் தொடங்கும் அந்தக் கணத்தில் முன்முனை பக்கவாட்டில் ஒதுங்க வேண்டும். அங்கே எடை குறைவாக இருந்தால் முனை எளிதாக ஒதுங்கும், பந்து குறைவாக விலகும்.

1994இல் தொடங்கிய பிரிடேட்டர் கம்பெனி, அடிப்பதற்கென்றே ஓர் இயந்திரத்தை வைத்து இதை அளந்து பார்த்தது. மேப்பிளை ஆப்பு வடிவத் துண்டுகளாக வெட்டி வட்டமாக ஒட்டி, முன்முனையைக் குடைந்து, 314 என்ற ஷாஃப்டைக் கொண்டுவந்தது. பிறகு மற்றவர்களும் அந்த வழியில் இறங்கினார்கள். 2016இல் அதே கம்பெனி ரெவோ என்ற கார்பன் ஷாஃப்டை விற்பனைக்கு விட்டது. அப்புறம் கியூடெக் சைனர்ஜி, மெக்டெர்மாட் டிஃபை, மெஸ் இக்னைட் என்று வரிசையாக வந்துவிட்டன. கார்பன் ஈரத்தில் வளையாது, சுலபத்தில் பள்ளம் விழாது, துணியால் துடைத்தால் சுத்தம். உங்கள் நண்பர் இந்த விஷயத்தில் சரியாகத்தான் சொல்கிறார்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கார்பன் ஷாஃப்ட் மரவேலையே இல்லை. பிசின் ஊறிய கார்பன் இழைத் தாளைச் சுற்றி, சூட்டில் இறுக்கி, தேய்த்து எடுப்பது. மரம் பொறுக்குவதிலும் கடைவதிலும் ஒரு பட்டறை முன்பு சம்பாதித்த பெயர் இதற்குச் செல்லாது. அதேபோல் கார்பன் ஷாஃப்டில் நேற்று பெயர் வாங்கிய கம்பெனியின் பட் உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. இன்று பட்டை ஒருவரிடமும் ஷாஃப்டை இன்னொருவரிடமும் வாங்கிச் சேர்ப்பது சாதாரணம். பழைய கியூவின் ஷாஃப்டுக்குக் கூட்டித் தராதீர்கள் என்று மேலே சொன்னது இதனால்தான். ஷாஃப்ட் தேயும் பாகம், மாற்றிக்கொள்ளலாம்.

நேரில் பார்க்கப் போகும்போது கியூவைப் பூட்டியபடி மேசையில் உருட்டிக் காட்டுவார்கள். அதோடு நிறுத்தாதீர்கள். கழற்றி, பட்டைத் தனியாகவும் ஷாஃப்டைத் தனியாகவும் உருட்டுங்கள். இரண்டும் தனித்தனியே நேராக இருந்து, பூட்டினால் மட்டும் ஆடினால் ஜாயின்ட் முகம் சரியாகச் சேரவில்லை என்று அர்த்தம். நல்ல கைகாரர் சரிசெய்வார், ஆனால் அதற்கான செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். ஜாயின்ட் வளையங்களை விரல் நகத்தால் வருடிப் பாருங்கள், எங்காவது தட்டினால் மரம் சுருங்கியிருக்கிறது. ஃபெரூலில், அதாவது டிப்புக்கு அடியில் இருக்கும் வளையத்தில், மயிரிழை விரிசல் இருக்கிறதா? பல வருடம் உப்புத்தாள் போட்டே சுத்தம் செய்திருந்தால், 13 மில்லிமீட்டராக இருந்த ஷாஃப்ட் 12க்கு இறங்கியிருக்கும். பட்டின் அடிப்பக்கத்தை உள்ளங்கையில் தட்டுங்கள். கரகரவென்று சத்தம் வந்தால், ஒன்று எடைக்காக வைத்த போல்ட் தளர்ந்திருக்கும், அல்லது உள்ளே பசை விட்டிருக்கும். போல்டை முறுக்கியும் சத்தம் நிற்கவில்லையென்றால் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

யானைத் தந்தம் பதித்த பழைய கியூ என்று சொன்னால் உஷாராக இருங்கள். 1990 முதல் உலக வர்த்தகத் தடை, அமெரிக்காவில் 2016 முதல் ஏறக்குறைய முழுத் தடை. எல்லை தாண்டிக் கொண்டுபோனால் சுங்கத்தில் மாட்டும். டிப் பற்றிக் கவலையே வேண்டாம், பழையதோ புதியதோ, வாங்கியதும் மாற்றத்தான் போகிறீர்கள்.

உத்தரவாதம் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். வாழ்நாள் உத்தரவாதம் என்று எழுதியிருந்தாலும் அது பல கம்பெனிகளில் முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான். இரண்டாம் கைக்கு வந்துவிட்டால் பேச்சில்லை.

ஆக, உங்கள் இடத்தில் நான் இருந்தால்: பழைய பட் நேராக இருந்து, புதுக் கியூவைவிடக் கணிசமாகக் குறைந்த விலைக்கு இறங்கினால் அதை எடுப்பேன். மிச்சப் பணத்தில் பின்னால் ஒரு டிஃப்ளெக்‌ஷன் குறைந்த ஷாஃப்ட் போடுவேன். இப்போது சொல்வதுபோல் இரண்டும் ஒரே விலை என்றால், அதுவும் புதியதோடு கார்பன் ஷாஃப்ட் வருகிறதென்றால், ஆடுவதற்குப் புதியதே லாபம். பழையதற்கு அந்த விலையைத் தருவது சேகரிப்பாளரின் கணக்கு.

பழையதை எடுத்தால், ஷாஃப்டுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் ஜாயின்ட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் திருகின், அதாவது பின்னின், மரையை அளந்துவிடுங்கள். மெக்டெர்மாட்டில் வழக்கமாக இருப்பது 3/8-10 (3/8 அங்குலத் தடிமன், அங்குலத்துக்கு 10 மரை), அதற்கு ஷாஃப்ட் தாராளமாகக் கிடைக்கும். ஜாஸ், ஷோன் கியூக்களில் 5/16-14. அதே 5/16 தடிமனில் 18 மரை கொண்ட பின்னும் உண்டு. பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் ஒன்று இன்னொன்றில் ஏறாது; வலிய முறுக்கினால் புது ஷாஃப்டின் மரை போய்விடும். ஜாயின்ட் வளையத்தின் விட்டத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.