மீன் தோல் கொலாஜன் பெப்டைடு உண்மையிலேயே ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்குமா?

சோதனைக் குழாயில் தடுக்கிறது. உடலுக்குள் அதே அளவுக்கு நடக்கும் என்று நம்பிவிட வேண்டாம்.

கொலாஜன் என்பது தோலில் உள்ள ஒரு புரதம்; அதை நறுக்கினால் கிடைக்கும் சிறு துண்டுகளே பெப்டைடுகள். முழு கொலாஜனுக்கு இந்தத் திறன் குறைவு. மூன்று இழைகள் முறுக்கிய கயிறு அது. ஓர் இழையில் சுமார் 1,000 அமினோ அமிலங்கள், மூன்றில் ஒன்று கிளைசின். காட் போன்ற குளிர்கடல் மீன்களில் இந்த முறுக்கு 15 டிகிரி செல்சியஸ் அளவிலேயே தளர்ந்துவிடும். அப்புறம் பப்பைன் போன்ற நொதியால் நறுக்கினால், உள்ளே ஒளிந்திருந்த பகுதிகள் வெளிப்பட்டு, ஃப்ரீ ராடிக்கல்களுக்கு (செல்களைச் சேதப்படுத்தும் நிலையற்ற மூலக்கூறுகள்) எலக்ட்ரானோ ஹைட்ரஜனோ கொடுத்து அடக்கும். சில துண்டுகள் ஆக்ஸிஜனேற்றத்தைத் தூண்டும் இரும்பு, செம்பு அயனிகளைப் பிடித்துக்கொள்ளும். பெரும்பாலும் சிறிய துண்டுகளே நன்றாக வேலை செய்கின்றன.

டிபிபிஹெச் என்ற ஊதா நிற ஃப்ரீ ராடிக்கலுடன் கலந்து, அந்த நிறம் மங்குவதை வைத்து இதை அளப்பார்கள். ஆனால் குடலில் பெப்டைடுகள் மேலும் உடைகின்றன. புரோலின்-ஹைட்ராக்ஸிபுரோலின் போன்ற சில மட்டுமே உடையாமல் ரத்தத்துக்குப் போகின்றன. அதனால் கொலாஜன் டப்பாவில் எழுதியிருப்பதை மட்டும் நம்பிப் பணத்தைச் செலவழிக்காதீர்கள்.