மகள் ரேடியோவில் அரசியல் பேசப் போகிறாளாம், விடலாமா?

அன்புள்ள அம்மா, வணக்கம்.

சிகாகோவில் அரசியல் அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகள், சட்டக் கல்லூரி வேண்டாம், லிபரல் டாக் ரேடியோவுக்கு, அதாவது முற்போக்கு அரசியல் பேசும் ரேடியோவுக்குப் போகிறேன் என்கிறாள். அதில் பிழைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் கொள்கை பேசுவதுதான் அந்த வேலை என்று நினைத்துப் போனால் நிலைக்க மாட்டாள். கார் ஓட்டிக்கொண்டே கேட்பவர் ஸ்டேஷனை மாற்றாமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கே வேலை. கொள்கை அதற்குள்தான் வர வேண்டும்.

ஏர் அமெரிக்கா என்ற லிபரல் ரேடியோ நெட்வொர்க்கின் கதையை நீங்களும் தெரிந்துகொள்வது நல்லது. வலதுசாரிப் பேச்சாளர் ரஷ் லிம்பா 1988 முதல் நாடு முழுவதும் ஒலித்துக்கொண்டிருக்க, அதற்குப் போட்டியாக 2004 மார்ச் 31-இல் அந்த நெட்வொர்க் தொடங்கியது. நகைச்சுவை நடிகர் அல் ஃபிராங்கன்தான் அதன் நட்சத்திரம். இரண்டே வாரத்தில் பணத் தகராறில் சிகாகோவிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் ஒலிபரப்பு நின்றது. 2006-இல் திவால் மனு, 2010 ஜனவரியில் மூடுவிழா. இதை வைத்து, லிபரல்களுக்கு ரேடியோ வராது என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள். நான் அதை ஏற்கவில்லை. பண நிர்வாகம் சரியில்லை. பல ஊர்களில் கிடைத்தவை சிக்னல் பலமில்லாத ஏ.எம். நிலையங்கள், மேடையிலும் டிவியிலும் பேர் வாங்கியவர்களில் சிலருக்குத் தினமும் மூன்று மணி நேரம் மைக்கில் பேசிப் பழக்கமில்லை.

அதே 2004-இல் தொடங்கி நிலைத்தவர்களும் உண்டு. எட் ஷுல்ட்ஸ் வடக்கு டகோட்டாவில் விளையாட்டு வர்ணனை செய்து தேறியவர். தொழிலாளியின் சம்பளப் பிரச்சினையை ஊர்க்காரர் தொனியில் பேசியதால் எடுபட்டார். ஸ்டெஃபனி மில்லரின் அப்பா 1964-இல் குடியரசுக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளர். மகளோ லிபரல், அதிலும் மேடை நகைச்சுவைக்காரர். அவருடைய காலை நிகழ்ச்சியில் மிமிக்ரி, கிண்டல், கூட இருப்பவர்களோடு அரட்டை எல்லாம் இருக்கும். அரசியல் தெரியாதவரும் சிரித்துக்கொண்டே கேட்பார். இருபது ஆண்டுக்கு மேல் ஓடும் நிகழ்ச்சி அது. ரேச்சல் மேடோ ஆக்ஸ்ஃபோர்டில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தபோதே, 1999-இல், மாசசூசெட்ஸில் ஒரு சின்ன ஸ்டேஷன் நடத்திய தேர்வில் ஜெயித்துக் காலை நிகழ்ச்சியில் துணைப் பேச்சாளராகச் சேர்ந்தார். 2008-இல் எம்.எஸ்.என்.பி.சி. டிவியில் அவர் பெயரிலேயே நிகழ்ச்சி வந்தது. படிப்பு வீணாகிவிடுமே என்று நீங்கள் வருந்துவதால்தான் இதைச் சொல்கிறேன்.

பணம் வரும் வழியையும் அவள் புரிந்துகொள்ள வேண்டும். ஒரே இடத்தில் தயாரித்துப் பல ஊர் ஸ்டேஷன்களுக்குத் தரும் சிண்டிகேட் நிகழ்ச்சிகள் பலவற்றை உள்ளூர் ஸ்டேஷன் காசு கொடுக்காமலே வாங்கிக்கொள்ளும். பதிலுக்கு விளம்பர நிமிடங்களில் ஒரு பங்கை நிகழ்ச்சிக்காரருக்கு விட்டுக்கொடுக்கும். எத்தனை பேர், எவ்வளவு நேரம் கேட்கிறார்களோ அதை வைத்துத்தான் அந்த நிமிடங்களுக்கு விலை. தொகுப்பாளரே தன் குரலில் மெத்தை விளம்பரம் படிக்க வேண்டும். அதைக் கேவலமாக நினைப்பவர் இந்தத் தொழிலுக்கு ஆகமாட்டார். சண்டை வரும் நிகழ்ச்சி என்று ஒதுங்கும் ஸ்பான்சர்களும் உண்டு, அதையும் தாங்க வேண்டும்.

எந்தக் கட்டுரையிலும் வராத வேலை ஒன்று உண்டு: கால் ஸ்கிரீனர். போன் எடுத்து அரை நிமிடத்துக்குள் ஆளைக் கணிக்க வேண்டும். பெயர், ஊர், என்ன சொல்லப் போகிறார் என்று ஒரே வரியில் தட்டினால் தொகுப்பாளரின் திரையில் தெரியும். நாலு பேர் லைனில் இருந்தால் ஆமாம் போடுகிறவரைக் காக்க வைத்து, மறுத்துப் பேசுகிறவரை முதலில் அனுப்புவது நல்ல ஸ்கிரீனருக்குத் தெரியும். லண்டன் எல்.பி.சி. ரேடியோவில் ஜேம்ஸ் ஓ'பிரையன் என்ற தொகுப்பாளரைக் கேட்கச் சொல்லுங்கள். ஐரோப்பிய யூனியன் சட்டங்களைத் திட்டி அழைத்தவரிடம், அதில் எந்தச் சட்டம் உங்களுக்குத் தொந்தரவு, ஒன்று சொல்லுங்கள் என்பார். பிறகு காத்திருப்பார். அந்த இரண்டு நொடி மௌனத்தில் யாரும் ஸ்டேஷனை மாற்ற மாட்டார்கள். விளம்பரத்தில் ஓடும் தனியார் நிலையம்தான் அது.

ஆகவே, கல்லூரி ரேடியோவில் இந்த செமஸ்டரே சேரட்டும். சிகாகோவிலேயே டபிள்யூ.சி.பி.டி. என்ற முற்போக்கு டாக் ஸ்டேஷன் இருக்கிறது. போன் எடுக்கும் வேலையானாலும் கேட்டுப் பார்க்கட்டும். ஆரம்பச் சம்பளம் குறைவு, ஸ்டேஷன் கைமாறினால் ஒரே நாளில் வேலை போகும், இதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் கைத்தொழில் கூடவே வரும். ஏர் அமெரிக்காவில் வேலை இழந்த மார்க் மேரன் 2009-இல் பாட்காஸ்ட் தொடங்கிப் பெரிய ஆளானார். சட்டக் கதவையும் மூட வேண்டாம்: சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வான எல்சாட்டை இப்போதே எழுதினால் மதிப்பெண் ஐந்து ஆண்டு வரை செல்லும்.

கோடை விடுமுறைக்குள் ஒரு மணி நேர நிகழ்ச்சியைப் பதிவு செய்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அவளோடு உடன்படாத ஒருவராவது அதில் பேசியிருக்க வேண்டும், விளம்பரம் ஒன்றை அவளே படித்திருக்க வேண்டும். கேட்டுவிட்டு உங்கள் இருவரிடமும் பேசுகிறேன்.