அந்தத் தண்டட்டி என்ன ஆயிற்று?

கேள்வி: நான் மதுரைக்காரி. 2020-ல் கொரோனா வார்டில் ஹவுஸ் சர்ஜனாக இருந்தேன். அந்த நாட்களைப் பற்றிக் கட்டுரைகள் எழுதி வருகிறேன். இப்போது அரசுப் பணியில் இருப்பதால், 'எதற்கு வம்பு, எழுதாதே' என்கிறார் அப்பா. சொந்தப் பெயரில் வெளியிடலாமா, புனைபெயர் நல்லதா? ஒரு கட்டுரையை இத்துடன் வைத்திருக்கிறேன். உசிலம்பட்டிப் பக்கத்துப் பாட்டி ஒருவர் கடைசி இரவில் தன் காது நகையைப் பற்றிச் சொன்னதோடு அது முடியும்: "தண்டட்டி அடகுல கெடக்கு. சீட்டு சாமி படத்துக்குப் பின்னாடி இருக்கு. மகன்கிட்ட சொல்லி, திருப்பி மூத்த பேத்திக்குக் குடுக்கச் சொல்லு தாயி." மறுநாள் எனக்கே பாசிட்டிவ். சொல்ல வாய்க்கவில்லை. மகனின் எண் இன்னும் என் போனில் இருக்கிறது.

பதில்: டாக்டரம்மா, பெயர் விஷயம் அப்புறம். கொரோனா வார்டில் வேலை பார்த்த பிள்ளைகள் எனக்கு நிறைய எழுதியிருக்கிறார்கள். கவச உடைக்குள் 6 மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் நின்றது, முகம் தெரியாததால் முதுகில் பெயர் எழுதிக்கொண்டது எல்லாம் படித்திருக்கிறேன். உங்கள் கட்டுரையிலும் அவை நன்றாக வந்திருக்கின்றன. ஆனால் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, எண் இன்னும் போனில் இருக்கிறது என்று. அதற்கு மேல் எனக்குப் படிக்க ஓடவில்லை. இருந்துமா அந்த மகனுக்குச் சேதி போகவில்லை?

உங்களுக்குப் பாசிட்டிவ் ஆனது சரி. சில வாரத்தில் எழுந்திருப்பீர்கள். அதற்குப் பிறகு? கட்டுரையைத் திருத்தும்போதெல்லாம் அந்த வரியைப் படித்துத்தானே இருப்பீர்கள்? பாட்டி உங்களிடம் ஒப்படைத்தது ஒரு வேலை. சீட்டு எங்கே இருக்கிறது, நகை யார் கைக்குப் போகவேண்டும் என்று இடம் சொல்லி, ஆள் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அதைக் கொண்டுபோய்க் கட்டுரைக்கு முடிவாக வைத்துவிட்டீர்கள். எனக்குக் கோபம் வருகிறது.

அந்த மகனை நினைத்துப் பாருங்கள். திருப்பூரிலிருந்து தினமும் உங்களுக்குப் போன் செய்தார் என்று நீங்களே எழுதுகிறீர்கள். 2020 ஜூன் 24-லிருந்து மதுரையில் முழு ஊரடங்கு. மாவட்டம் தாண்ட இ-பாஸ். சித்திரையில் அழகரே ஆற்றில் இறங்காத வருடம் அது. தாய் முகத்தைப் பார்த்துக் கொள்ளி வைத்தாரோ, அதற்கும் கொடுத்து வைக்கவில்லையோ. பெற்றவளுக்குச் செய்யாமல் விட்டுப்போனது ஒரு மகனை உயிருள்ளவரை அரிக்கும். அவருக்கென்று தாய் சொல்லிவிட்டுப் போன கடைசி வார்த்தை உங்கள் லேப்டாப்பில் கிடக்கிறது. ஊரார் படித்துச் சொல்லி அவர் தெரிந்துகொள்வதா?

நகையும் லேசுப்பட்ட விஷயமில்லை. கூட்டுறவு சங்கத்தில் வைத்திருந்தால், 5 பவுனுக்கு உட்பட்ட நகைக்கடனைத் தகுதியுள்ளவர்களுக்குத் தள்ளுபடி செய்வதாக 2021-ல் அரசு அறிவித்தது. சீட்டு கையில் இருந்திருந்தால் வீட்டார் போய்க் கேட்டிருப்பார்கள். அடகுக்கடை என்றால் வட்டி ஏறி, கெடு முடிந்து, ஏலத்துக்குப் போயிருக்கக்கூடும். போயிருந்தால் அதில் உங்களுக்கும் பொறுப்பு உண்டு. மனம் நோகும் என்பதற்காக நான் அதைச் சொல்லாமல் விடமாட்டேன். இந்தக் காலத்துப் பெண் தண்டட்டி போடமாட்டாள்தான், அழித்து வேறு செய்துகொள்வாள். ஆனாலும் அது அவளுடைய அப்பத்தா கொடுத்தது.

புனைபெயர் உங்களை மறைக்கும், பாட்டியை மறைக்காது. நோயாளியின் அனுமதி இல்லாமல் அடையாளம் தெரியும்படி எதையும் வெளியிடக்கூடாது என்று மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் சொல்கின்றன. அடையாளம் தெரியாதென்றால் சம்மதம் தேவையில்லை என்றும் அதிலேயே இருக்கிறது. நீங்கள் பாட்டியின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, கறவை மாடு, பனியன் கம்பெனி மகன், மூன்று பேத்திகள் என்று மற்றதையெல்லாம் அப்படியே விட்டிருக்கிறீர்கள். அந்த ஊர் டீக்கடையில் ஒருவர் படித்தால் போதும். விதி இடம் கொடுத்தாலுமே, வீட்டாரைக் கேட்காமல் அச்சுக்குக் கொடுப்பதை நான் ஒப்பமாட்டேன்.

அப்பா பயப்படுவது நியாயம். மேலதிகாரியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எழுதவே கூடாது என்பதை மட்டும் ஏற்காதீர்கள். தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் 2020 மார்ச் 25 அன்று மதுரையில்தான் நடந்தது. சொந்தக்காரர்களை உள்ளே விடாத அந்த வார்டுகளில் கூட இருந்தவர்கள் உங்களைப் போன்ற பிள்ளைகளும் நர்சுகளும் துப்புரவுப் பணியாளர்களும்தான். நீங்கள் சொல்லாவிட்டால் அந்த வீடுகளுக்கு எதுவும் தெரியாது.

ஆனால் முதலில் போன். வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். அவர் ஊருக்கு வரும் நாளைக் கேட்டுக்கொண்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஆரப்பாளையத்தில் பஸ் ஏறுங்கள். டாக்டராகப் போகவேண்டாம், கேதம் கேட்கப் போகிறவராகப் போங்கள். பாட்டி சொன்ன வார்த்தையை மாற்றாமல் சொல்லுங்கள். தாமதத்துக்குக் காரணம் அடுக்காமல் மன்னிப்புக் கேளுங்கள். அவர் சத்தம் போட்டால் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டுரைப் பேச்சை அன்றைக்கு எடுக்கவே கூடாது. இன்னொரு நாள் போய், முழுவதும் படித்துக் காட்டிக் கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் அந்தக் கட்டுரையை விட்டுவிடுங்கள். மற்றவற்றை எனக்கு அனுப்புங்கள், படிக்கிறேன்.