நீல சயின்ஸ் ஏன் படுத்துவிட்டது? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். நீங்கள் ஃபேக்டோரியோ என்கிற கம்ப்யூட்டர் விளையாட்டை ஆடுவதாக முன்பு ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அந்தத் தைரியத்தில்தான் இதைக் கேட்கிறேன். நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவன். சரக்கைக் கொண்டுபோகும் பெல்ட்டைக் கண்டபடி பின்னிப் போடுவது எனக்கு ஆகாது. கிராஃப் தாளில் படம் போட்டுத்தான் எதையும் கட்டுவேன். நீல சயின்ஸ், அதாவது ஆராய்ச்சிக்கான நீலப் புட்டி, நிமிடத்துக்கு 45 வரவேண்டும் என்று இரண்டாம் தர அசெம்பிளர் (பொருள் செய்யும் மெஷின்) 12 வைத்தேன். பச்சை சர்க்யூட் எல்லாவற்றுக்கும் தேவைப்படும் என்பதால் அதற்கு 8, எஞ்சினுக்கு 4. இடம் கொஞ்சமும் வீணாகாமல் நெருக்கி வைத்த லேஅவுட்.

அப்பா விக்கிரமசிங்கபுரத்துப் பக்கம் மில்லில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். ஒருநாள் பின்னால் நின்று பார்த்துவிட்டு, “ஏல, மெஷினுக்கு மெஷின் நடுவுல கொஞ்சம் சரக்கு நிக்கணும்லா, இல்லன்னா ஒண்ணு நின்னா எல்லாம் நின்னுரும்” என்றார். அதனால் எஞ்சின்கள் எல்லாம் ஒரு இரும்புப் பெட்டியில் விழுந்து, அங்கிருந்து பெல்ட்டுக்குப் போகும்படி வைத்தேன். நீலத்துக்குத் தேவையான எண்ணெய் வேலை முடிவதற்குள் பெட்டி நிறைந்துவிட்டது. நீல சயின்ஸைத் திறந்ததும் ஒரு மணி நேரம் பிரமாதமாக ஓடியது. அப்புறம் படுத்துவிட்டது. இப்போது நிமிடத்துக்கு இருபதுகூடத் தேறவில்லை. பச்சை சர்க்யூட் பெல்ட் அசையாமல் நிற்கிறது. அடைப்பு அங்கேதானா? எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா?

இன்னொரு கேள்வி. இரும்புத்தாதை சுரங்கத்துப் பக்கத்திலேயே உருக்குவதா, ரயிலில் பேஸுக்கு, அதாவது மெஷின்கள் இருக்கும் இடத்துக்கு, கொண்டுவந்து உருக்குவதா?

(பெயர் வேண்டாம்)
அம்பாசமுத்திரம்

அன்புள்ள தம்பிக்கு,

பச்சை பெல்ட்டை விட்டுவிடுங்கள். அதற்கு ஒரு கேடும் இல்லை. உங்களுக்கு எஞ்சின் பற்றவில்லை, அவ்வளவுதான்.

ஆடாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஃபேக்டோரியோ செக் நாட்டு வூப் சாஃப்ட்வேரின் விளையாட்டு. 2020 ஆகஸ்டில் முழுப் பதிப்பாக வெளிவந்தது. வேற்றுக் கிரகத்தில் விழுந்துவிட்ட ஒருவன் தாதுவைத் தோண்டி, உருக்கி, மெஷினும் பெல்ட்டும் போட்டு, கடைசியில் ராக்கெட் விடவேண்டும். நடுவில் ஆராய்ச்சிக்கூடங்களுக்கு நிறம் நிறமாகப் புட்டிகள் செய்து கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். நீலம் அதில் ஒன்று. நிறையப் பேர் சலித்துப்போய் ஆட்டத்தை விடுகிற இடமும் அதுதான்.

இனி உங்கள் பெல்ட். சரக்கு நிறைந்து நிற்கும் பெல்ட்டைப் பார்த்ததும் ஏதோ அடைத்துக்கொண்டது என்று பதறுகிறோம். அந்தச் சரக்கை எடுப்பாரில்லை, அதனால் நிற்கிறது. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் போதுமா என்று தெரிய யாரும் தலைமடைக்காரரிடம் போய்க் கேட்பதில்லை, கடைமடைக்குப் போய்ப் பார்ப்பார்கள். நீங்களும் நீல வரிசையின் கடைசி மெஷினுக்குப் போய் அதைக் கிளிக் செய்து பாருங்கள். சிவப்பு சர்க்யூட் இருக்கும், கந்தகம் இருக்கும், எஞ்சின் கட்டம் மட்டும் காலியாக இருக்கும்.

கணக்கைப் பாருங்கள். இரண்டு நீலப் புட்டிக்கு எஞ்சின் 2, சிவப்பு சர்க்யூட் 3, கந்தகம் 1. ஆக, புட்டிக்கு ஒரு எஞ்சின். ஒரு எஞ்சின் செய்ய 10 வினாடி. இரண்டாம் தர அசெம்பிளரின் வேகம் 0.75 என்பதால் உங்களிடம் அது 13 வினாடிக்கு மேல் போகும். நான்கு மெஷினும் சேர்ந்து நிமிடத்துக்கு 18 எஞ்சின். அதற்குமேல் எத்தனை நீல மெஷின் வைத்தாலும் 18 புட்டிதான். இருபதுகூடத் தேறவில்லை என்கிறீர்களே, அந்தக் கணக்கு இதுதான்.

சரி, முதல் ஒரு மணி நேரம் எப்படி ஓடியது? பெட்டியால். இரும்புப் பெட்டிக்கு 32 அறை, அறைக்கு 50 எஞ்சின், மொத்தம் 1,600. நீல மெஷின்கள் 45 கேட்கின்றன, வரவு 18, மீதி 27 நிமிடந்தோறும் பெட்டியிலிருந்து போகிறது. 1,600-ஐ 27-ஆல் வகுத்துப் பாருங்கள், 59 நிமிடம் வரும். உங்கள் லேஅவுட் முதல் நிமிடத்திலேயே பற்றாக்குறையில்தான் ஓடியிருக்கிறது. பெட்டி அதை ஒரு மணி நேரம் உங்கள் கண்ணில் படாமல் மறைத்தது.

இதற்காக அப்பாவிடம் போய், “பார்த்தீங்களா, நீங்க சொன்னதுதான்” என்று ஆரம்பித்துவிடாதீர்கள். மில்லுக்கு அவர் சொன்னது சரி. கார்டிங்கில் வரும் பஞ்சுத்திரி கேனில் நிறையும், டிராயிங்குக்குப் போகும், அங்கும் கேன், அப்புறம் சிம்ப்ளெக்ஸ் பாபின், அதற்கப்புறம்தான் ஸ்பின்னிங். நூல் அறும், பாபின் மாற்றவேண்டும், மெஷினைத் துடைக்க நிறுத்துவார்கள், ஆள் சாப்பிடப் போவார். ஒன்று நிற்கும்போது அடுத்தது நிற்காமல் இருக்க நடுவில் சரக்கு வேண்டும். மேஸ்திரி நடந்து போகும்போதே காலிக் கேன் எத்தனை நிற்கிறது என்று அவர் கண்ணுக்குத் தெரியும். ஃபேக்டோரியோ அசெம்பிளர் மின்சாரமும் சரக்கும் இருக்கும்வரை பழுதாகாது, சாப்பிடவும் போகாது. அதற்கு இருப்பு எதற்கு? பெட்டியும் மூடியே கிடக்கிறது, திறந்து பார்த்தால்தான் குறைந்தது தெரியும். பெட்டி வேண்டும் என்றே தோன்றினால் மற்ற அறைகளைச் சிவப்பு அடித்துப் பூட்டி, ஒன்றிரண்டு அறையோடு நிறுத்துங்கள். ரயில் நிலையத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் இடத்தில் பெட்டி கட்டாயம் வேண்டும், ஏனென்றால் ரயில் விட்டுவிட்டு வருகிறது. அது வேறு சங்கதி.

உங்கள் கிராஃப் தாளுக்கு வருகிறேன். அதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பச்சை சர்க்யூட் முக்கியமானது, ஆகவே அதற்கு நிறைய இடம் என்று போட்டிருக்கிறீர்கள். எதற்கு எவ்வளவு இடம் என்பதை அதைச் செய்ய ஆகும் நேரம் முடிவு செய்யும், முக்கியத்துவம் அல்ல. பச்சை சர்க்யூட் ஒன்றுக்கு அரை வினாடி. 45 புட்டிக்கான சிவப்பு சர்க்யூட்டைச் செய்ய நிமிடத்துக்கு 135 பச்சை வேண்டும், அதை இரண்டே மெஷின் செய்துவிடும். மற்ற வேலைகளுக்கும் பச்சை வேண்டும் என்பதால் எட்டு இருந்துவிட்டுப் போகட்டும். அதே 45 புட்டிக்குச் சிவப்பு சர்க்யூட் மெஷின் ஒன்பது, எஞ்சின் மெஷின் பத்து. கந்தகத்துக்கு ஒரே ஒரு கெமிக்கல் பிளாண்ட், அதுவும் பெரும்பாலான நேரம் சும்மா நிற்கும். எஞ்சின் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்டீல் வேண்டும். ஸ்டீலுக்கு 16 வினாடியும் ஐந்து இரும்புத் தகடும் போகும், கல் உலை என்றால் பன்னிரண்டு உலை வேண்டும். இத்தனையும் தாளில் எங்கே நிற்கும்? இடத்தைச் சிக்கனம் பிடித்ததில் மெதுவாக வேலை நடக்கும் இடங்களைத்தான் நெருக்கியிருக்கிறீர்கள். இந்த விளையாட்டில் நிலத்துக்குப் பஞ்சமே இல்லை, பைட்டர்களை, அதாவது அந்தக் கிரகத்தில் நம்மைத் தாக்க வரும் பூச்சிகளை, விரட்டினால் போதும். பட்டாவும் கிடையாது, பத்திரப்பதிவும் கிடையாது!

ஆகவே தாளின் வலது ஓரத்தில், கடைசிப் பொருளிலிருந்து தொடங்குங்கள். நிமிடத்துக்கு எத்தனை என்று எழுதிக்கொண்டு பின்னோக்கி வாருங்கள். ஒவ்வொரு பொருளுக்குப் பக்கத்திலும் அதைச் செய்ய எத்தனை வினாடி என்று குறித்துக்கொண்டால், எந்த வரிசை நீளமாகப் போகும் என்று மெஷின் வைக்கும் முன்பே தெரிந்துவிடும். அந்த வரிசைகளின் ஒரு முனையைத் திறந்து விடுங்கள். மெயின் பஸ்ஸில், அதாவது முக்கியச் சரக்குகள் பக்கம் பக்கமாக ஓடும் பெல்ட் வரிசையில், நான்கு பெல்ட்டுக்கு இரண்டு கட்டம் இடைவெளி என்பதையெல்லாம் எல்லோரும் சொல்கிறார்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. யாரோ செய்த ப்ளூபிரிண்ட்டை (தயார் லேஅவுட்டை) அப்படியே ஒட்டினால் மட்டும் வினாடிக் கணக்கு உங்கள் கைக்கு வராது. அடுத்த நிறத்தில் இதே கடிதத்தைத் திரும்ப எழுதுவீர்கள்.

எஞ்சினைப் பத்தாக்கும் முன் இரும்பைப் பாருங்கள். இந்த ஒரு நிறத்துக்கு மட்டும் வினாடிக்கு 9 தகடு போகும். மஞ்சள் பெல்ட் முழுதாக ஓடினாலே 15-தான். இருப்பது ஒரே இரும்பு பெல்ட் என்றால் எஞ்சினைச் சரிசெய்த கையோடு பற்றாக்குறை இரும்புக்கு இடம் மாறும்.

உருக்குவது எங்கே? தாழையூத்தில் 1949-இல் சிமெண்ட் ஆலை வந்தது அங்கே சுண்ணாம்புக்கல் இருந்ததால். சூளையில் எடையில் கணிசமான பங்கு வாயுவாகிப் போகும் கல்லை ரயிலில் ஏற்றி எவன் கூலி கொடுப்பான்? விளையாட்டில் ஒரு தாதுவுக்கு ஒரு தகடு, எதுவும் போவதில்லை. ஆனால் தாது அறைக்கு 50, தகடு அறைக்கு 100. நாற்பது அறை வேகனில் தாது 2,000 ஏறும், தகடு என்றால் 4,000. சுரங்கத்திலேயே உருக்கினால் ரயில் பாதியாகக் குறையும். உலைப் புகைக்குப் பைட்டர்கள் வந்து சேரும் என்பதால் அங்கே மதிலும் துப்பாக்கியும் வேண்டும். நான் சுரங்கத்தில்தான் உருக்குகிறேன்.

புதிதாகத் தொடங்க வேண்டாம். பிடுங்கிய மெஷின் சேதாரமில்லாமல் அப்படியே கைக்கு வரும். எஞ்சின் வரிசையை மட்டும் பெயர்த்து வெளியே, ஸ்டீல் உலைகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பத்தாக வையுங்கள். பழைய இடத்தைக் காலியாக விடுங்கள், அதற்கும் வேலை வரும். செய்துவிட்டுப் படம் அனுப்புங்கள். கீபோர்டில் ஆல்ட் அழுத்திவிட்டு எடுங்கள், இல்லாவிட்டால் எந்த மெஷினில் எது ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது.

அன்புடன்,
அண்ணாச்சி