இரும்பு ஊசி: எதைப் போடுவது, எவ்வளவு ஆகும்? கேள்வி பதில்

மதுரைப் பக்கம் ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். ரத்தசோகைக்கு நரம்பு வழியாக ஏற்றும் இரும்பு மருந்துகளான அயர்ன் சுக்ரோஸ், எஃப்சிஎம் (ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ்) பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உங்களுக்கு எது, எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அக்கா, திருப்பூரில் தையல் வேலை. வயது 34, எடை 51 கிலோ, ஹீமோகுளோபின் 8.9. மாதவிலக்கில் ரத்தம் அதிகம் போகிறது. மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அயர்ன் சுக்ரோஸ் 100 மி.கி. ஒன்று 280 ரூபாயாம், எஃப்சிஎம் 1000 மி.கி. 4,200 ரூபாயாம். சுக்ரோஸே போட்டுக்கொள்ளலாமா?

முதலில் உங்களுக்கு எவ்வளவு இரும்பு வேண்டும் என்று பார்ப்போம். எடையை, ஏற வேண்டிய ஹீமோகுளோபின் அளவால் பெருக்கி, மறுபடி 2.4-ஆல் பெருக்கி, சேமிப்புக்காக 500 கூட்டுவார்கள். 13 வரை ஏற்ற வேண்டுமானால் 51 × 4.1 × 2.4, ஏறக்குறைய 502. அதோடு 500 சேர்த்தால் 1000 மி.கி. சில டாக்டர்கள் 15 வரை கணக்குப் போடுவார்கள், அப்போது 1250 பக்கம் போகும்.

சுக்ரோஸை ஒரு தடவைக்கு 200 மி.கி. என்றுதான் வழக்கமாகப் போடுவார்கள். அப்படியானால் ஐந்து தடவை, பத்து ஆம்பூல், மருந்துக்கு மட்டும் 2,800. ஒவ்வொரு தடவையும் சலைன், ஐவி செட், வென்ஃப்ளான் (கையில் குத்தி வைக்கும் ஊசிக்குழாய்), ஊசி போடும் கட்டணம், பஸ் காசு எல்லாம் சேர்ந்து 620 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து தடவைக்கு 3,100. ஐந்து நாள் கூலி, நாளுக்கு 450 என்றாலும் 2,250 போச்சு. ஆக மொத்தம் 8,150. எஃப்சிஎம் ஒரே நாளில் ஏறிவிடும், ட்ரிப்ஸ் ஓடுவது கால் மணி நேரம்தான். 4,200, 620, 450 எல்லாம் சேர்த்து 5,270. மலிவாகத் தெரிந்ததுதான் உங்களுக்கு அதிகச் செலவு வைக்கிறது. ஆனால் பக்கத்துத் தெருவிலேயே அரசு மருத்துவமனை இருந்து இலவசமாகப் போடுகிறார்கள் என்றால் கணக்கு அப்படியே மாறிவிடும். அதனால் குப்பி விலையை மட்டும் கேட்காதீர்கள். "முழு டோஸும் முடிய மொத்தம் எவ்வளவு, எத்தனை தடவை வரணும்?" என்று கேளுங்கள்.

அப்புறம், மாதவிலக்கில் ஏன் இவ்வளவு ரத்தம் போகிறது என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்தீர்களா? கர்ப்பப்பையில் கட்டி இருந்தால் அடுத்த வருடமும் இதே ஊசிக்கு வந்து நிற்பீர்கள்.

எஃப்சிஎம் விலையைக் குறைக்க வழி உண்டா மேடம்?

உண்டு. இந்தியாவில் அதன் காப்புரிமை 2023 அக்டோபரில் முடிந்தது. இப்போது பல கம்பெனிகள் தயாரிக்கின்றன, எம்ஆர்பியும் கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. சீட்டில் பிராண்டுக்குப் பதிலாக "ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ்" என்று மருந்தின் பெயரையும் அளவையும் எழுதித் தரும்படி டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். இரண்டு மூன்று கடையில் விலை விசாரியுங்கள். மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் இரண்டிலும் இருப்பு கேட்டுப் பாருங்கள். வெளியில் வாங்கிய மருந்தைச் சில மருத்துவமனைகள் போட மாட்டார்கள், வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பில் இல்லாமல் வாங்கவே வேண்டாம். சுக்ரோஸ் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதால் அதற்கு அரசு உச்சவரம்பு விலை வைத்திருக்கிறது.

ஒரு விஷயம், 50 கிலோவுக்குக் குறைவாக இருப்பவர்களுக்கு 1000 மி.கி. முழுவதையும் ஒரே நாளில் ஏற்றுவதில்லை. எடை பார்க்காமல் 1000 மி.கி. குப்பியை வாங்கிவிடாதீர்கள். திறந்த குப்பியில் மிச்சத்தை வைத்திருந்து போட முடியாது.

மனைவிக்கு ஐந்தாம் மாதம், ஹீமோகுளோபின் 8.4. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுக்ரோஸ் போடலாம் என்கிறார்கள். சொந்தக்காரர்கள் தனியாரில் விலை கூடியதைப் போடச் சொல்கிறார்கள்.

தம்பி, சுகாதார நிலையத்திலேயே போடுங்கள். இலவசம் என்பதால் மட்டமான மருந்து என்று நினைக்க வேண்டாம். உங்களுக்கு நாள் இருக்கிறது, ஐந்து தடவை போய் வரலாம். எட்டாம் மாதம் கடந்து பிரசவம் நெருங்கியிருந்தால் ஒரே தடவையில் ஏறுவதைப் பற்றி டாக்டரிடம் பேசச் சொல்லியிருப்பேன். முதல் மூன்று மாதத்தில் எந்த இரும்பு ஊசியும் போடுவதில்லை.

ஊசி போடும்போது ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

சிலருக்கு முகம் சிவந்து, நெஞ்சு இறுக்கமாக இருக்கும். ட்ரிப்ஸை நிறுத்தினால் பெரும்பாலும் சில நிமிடத்தில் அடங்கிவிடும். கடுமையான அலர்ஜி அபூர்வம். ஆனாலும் அதைச் சமாளிக்க வசதியுள்ள இடத்தில்தான் போட வேண்டும், முடிந்தபின் அரை மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும். வீட்டுக்கு ஆள் வரவழைத்துப் போடாதீர்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். என் சித்திக்கு ஒரு நர்சிங் ஹோமில் போட்டபோது ஊசி நரம்பை விட்டு விலகியிருக்கிறது. எரிகிறது என்று சொல்லக் கூச்சப்பட்டு அரை பாட்டில் வரை பொறுத்துக்கொண்டிருக்கிறார். கடுங்காப்பி நிறத் தண்ணீர் தோலுக்கடியில் இறங்கிவிட்டது. ஆறு வருடமாகியும் முன்கையில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்புக் கறை இருக்கிறது, புடவைத் தலைப்பால் மூடிக்கொள்கிறார். எரிந்தால், வீங்கினால் அந்த நொடியே சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.

அப்பாவுக்கு 61 வயது. ஹீமோகுளோபின் 8.2, ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) 6. எந்த ஊசி நல்லது?

எந்த ஊசியும் ஏற்றும், அது இரண்டாவது கேள்வி. இந்த வயதில் ஆணுக்கு இரும்பு இவ்வளவு குறைந்தால் குடலிலோ வயிற்றிலோ ரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். காசு கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் அரசு மருத்துவமனையில் ஊசியைப் போட்டுக்கொண்டு, அந்தக் காசில் எண்டோஸ்கோபி, கொலோனோஸ்கோபி செய்யுங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

எனக்கு ஹீமோகுளோபின் 10, எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 64, ஃபெரிட்டின் 90. இரும்பு ஏற்றச் சொல்கிறார்கள்.

சிவப்பணு சிறிதாக இருந்தும் உங்கள் இரும்புச் சேமிப்பு குறையவில்லை, அதனால் ஊசிக்கு முன்னால் ஹெச்பிஎல்சி பரிசோதனை (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்ப்பது) பற்றிக் கேளுங்கள். பிறவியிலேயே வரும் தலசீமியா கூறாக இருக்கலாம், அதற்கு இரும்பு ஏற்றிப் பயனில்லை.

டயாலிசிஸ் நோயாளிக்கு?

சுக்ரோஸ் போதும். டயாலிசிஸ் ஓடும்போதே அந்தக் குழாய் வழியாகப் போட்டுவிடுவார்கள். தனியாக ஊசியும் இல்லை, தனியாகப் பஸ் காசும் இல்லை.

ஒரே வருடத்தில் மூன்றாவது முறை எஃப்சிஎம் போட்டேன். ஹீமோகுளோபின் ஏறிவிட்டது, ஆனால் எலும்பெல்லாம் வலி, அசதி.

ரத்தத்தில் பாஸ்பேட் (எலும்புக்கு வேண்டிய ஒரு தாது உப்பு) பார்க்கச் சொல்லுங்கள். எஃப்சிஎம் திரும்பத் திரும்பப் போடும்போது சிலருக்கு அது இறங்கிவிடும். அசதி ரத்தசோகை அசதி போலவே இருப்பதால், மறுபடியும் இரும்பு ஏற்றச் சொல்பவர்களும் உண்டு. பாஸ்பேட் முடிவு வரும் வரை நாலாவது ஊசிக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.